தீட்டு இல்லை என்றார் டாக்டர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் என் மாமியார் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார். போன வருஷம் ஆனி மாசக் கடைசியில் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனபோது, சரி, அத்தைக்கு என்மேல் ஏதோ வருத்தம் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் எங்கள் வீட்டில், இரண்டு பெண்கள் ஒரே சமையலறையில் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி சமைத்துக்கொண்டிருந்தோம்.

அத்தை பிறந்ததும் செம்பாக்கம், வாழ்க்கைப்பட்டதும் செம்பாக்கம். நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் அடுக்குமாடியாகிவிட்ட பிறகும் தெருவில் அவருக்கு மரியாதை குறையவில்லை. ஆள் நல்ல கனம், குரல் அதைவிடக் கனம். சர்க்கரை வியாதி உண்டு. மாத்திரைதான் போட்டாச்சே என்ற தைரியத்தில் ஜீனி தூக்கலாக டீ குடிப்பார். ஆடி மாசம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது அண்டாவில் முதல் துடுப்பு போடுவது அத்தைதான். மாமா போய்ச் சேர்ந்த பிறகு, புருஷன் இல்லாதவள் முதல் துடுப்பு போடலாமா என்று யாரோ முணுமுணுத்தார்களாம். "கூழு குடிக்கிறப்ப மட்டும் இது தெரியலயா?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிட்டார். அப்படிப்பட்டவர் போன வருஷம், "இந்த தபா நீ போ, எனக்கு முட்டி வலிக்குது" என்றார்.

முட்டி வலி என்றால் மாடிப்படி ஏறி ஏறித் துணி காயப்போடுவானேன்? அதுவும் தன் போர்வையையும் புடவையையும் விடிவதற்கு முன்னால் தானே கையால் துவைத்து, வாஷிங் மெஷின் பக்கமே போகாமல். விளக்கு ஏற்றுவதையும் என் தலையில் கட்டிவிட்டார். எனக்கோ தாம்பரத்தில் பள்ளிக்கூடம், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன், ஏழரைக்கு வேன் வந்துவிடும். விளக்கேற்றி, டிபன் கட்டி, ஓடிப்போய் வேனில் ஏறும்போதெல்லாம் அத்தையை மனசுக்குள் திட்டிக்கொண்டே ஏறுவேன்.

ஒரு சாயங்காலம் அத்தை தோசை வார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோளுக்குப் பக்கத்து அலமாரியில் ஊறுகாய் ஜாடி. கையை நீட்டினால் எட்டும். "அத்தை, அந்த ஜாடிய எடுங்களேன்" என்றேன். அதுவே நான் சமாதானத்துக்கு வந்துவிட்டேன் என்று அர்த்தம். அத்தை ஜாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஓரமாக நகர்ந்து நின்று, "நீயே எடுத்துக்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த ஜாடியோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில், மாசத்தில் அந்த மூன்று நாள் விளக்கைத் தொடாதே, கோயிலுக்குப் போகாதே, ஊறுகாய் ஜாடியில் கை வைக்காதே, பூசணம் பிடித்துவிடும் என்று அத்தை சொன்னபோது நான் குதிகுதியென்று குதித்தேன். பூசணம் எப்படி வருகிறது என்று பாடமே நடத்தினேன். கடைசியில் சமையலறைக்குள் வரலாம், ஜாடியை மட்டும் தொடக்கூடாது என்று ஒரு உடன்படிக்கை ஆயிற்று. விளக்கு, கோயில், தனியாகத் துவைத்த துணி, ஜாடி. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன.

"அத்தை, நீங்க வீட்டுக்குத் தூரமா?" என்று கேட்டேன்.

"மெதுவாப் பேசுடி. உம் புருசன் ஹால்ல கீறான்."

"இந்த வயசுலயா?"

"ஏன், எனக்கு இன்னா வயசாயிட்ச்சு?" என்று முறைத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "சித்திரையில ஒரு தபா வந்துச்சு. நடுவுல பட்டும் படாம. இப்ப மறுபடியும். சூடுதான், வேற ஒண்ணியும் இல்ல. இந்த வருசம் வெயிலு இன்னா அடி அடிச்சுது? வெந்தயம் ஊற வச்சி குடிச்சிகினுதான் கீறேன்."

"உங்களுக்கு நின்னு எவ்ளோ நாளாச்சு அத்தை?"

"நீ இந்த வூட்டுக்கு வந்த கொஞ்ச நாள்லயே நின்னுபோச்சு."

மாதவிடாய் முழுசாக நின்று வருஷக்கணக்கான பிறகு துளி ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று வகுப்பில் வருஷா வருஷம் சொல்கிறேன். நிறைய பேருக்கு அது பெரிதாக ஒன்றும் இருக்காது. சிலருக்குக் கருப்பையில் புற்று ஆரம்பித்திருக்கும், அது முதலில் இப்படித்தான் சொல்லி அனுப்பும். இந்தப் பெண்மணியோ சித்திரையிலிருந்து அதைத் தீட்டு என்று நினைத்து, ஒழுங்காக விளக்கைத் தொடாமல், கோயிலுக்குப் போகாமல், என்னிடமிருந்து தள்ளித் தள்ளி நின்றுகொண்டிருந்திருக்கிறார். தோசை கருகிக்கொண்டிருந்தது. இருவரும் கவனிக்கவில்லை.

டாக்டரிடம் போகலாம் என்றேன். மாட்டேன் என்றார். ஆடி முடியட்டும் என்றார். பொம்பளை டாக்டராகவே இருந்தாலும் அங்கெல்லாம் காட்ட முடியாது, மானம் போய்விடும் என்றார். நான் கெஞ்சினேன், பிறகு கத்தினேன். கத்துகிற கத்தலில், "சரி, இது தீட்டுதானான்னு டாக்டர்கிட்டயே கேட்போம்! இல்லைன்னு சொல்லிட்டா நீங்க போய்க் கூழ் கிண்டலாம் இல்ல?" என்று என் வாயில் வந்துவிட்டது. யோசித்துச் சொன்னது இல்லை. ஆனால் அத்தை அப்படியே நின்றார்.

"டாக்டரம்மா அதெல்லாமா சொல்லுவாங்க?"

"ஏன் சொல்லமாட்டாங்க? அவங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா?"

மறுநாளே கிளம்பிவிட்டார். கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் அந்த லேடி டாக்டரிடம், கல்யாணத்துக்குப் போவதுபோல நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலையில் மட்டும் பூ இல்லாமல் வந்தார். உள்ளே போய் உட்கார்ந்ததும் உடம்புக்கு என்ன என்றுகூட டாக்டர் கேட்கவில்லை. அத்தை ஆரம்பித்துவிட்டார். "டாக்டரம்மா, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் கோயிலுக்குப் போலாமா, கூடாதா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவர் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு. எப்போது நின்றது, எப்போது திரும்ப வந்தது, எவ்வளவு பட்டது, வலி உண்டா, சர்க்கரை எத்தனை நாளாக என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார். "அம்மா, மாசா மாசம் வர்றது உங்களுக்கு எப்பவோ நின்னுபோச்சு. இது அது இல்ல. உள்ள எங்கயோ கசியுது, எதனாலன்னு நாம கண்டுபிடிக்கணும். இது தீட்டே இல்ல."

அத்தை என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததே இல்லை. "கேட்டியாடி? தீட்டு இல்லியாம்! டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க!" என்று என் கையைப் பிடித்து அழுத்தினார். அவர் தலைக்கு மேலாக டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அந்த அறையில் ஒரே வார்த்தையைக் கேட்டு அத்தை சந்தோஷத்தில் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார், நான் புற்றை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஸ்கேனில் கருப்பையின் உள்சுவர் இருக்க வேண்டியதைவிடத் தடித்திருந்தது. மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அத்தை முகத்தைச் சுளித்தார், 'யம்மா' என்று ஒரு சத்தம் போட்டார், அவ்வளவுதான். "இம்மாத்தூண்டு வேலைக்கா நான் இத்தினி நாளா பயந்துகினு இருந்தேன்?" என்று புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். உடம்பு கனத்தால், அதோடு சர்க்கரையும் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால், கருப்பைக்கு இந்த மாதிரித் தொந்தரவு வரும் வாய்ப்புக் கூடும் என்று டாக்டர் சொன்னபோது மட்டும் கொஞ்சம் அடங்கினார். நான் விடுவேனா? டீ, பஜ்ஜி, மத்தியானத் தூக்கம் எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்தேன்.

டாக்டர் மெல்ல என் பக்கம் திரும்பி, "நீங்க கர்ப்பப்பை வாய்ப் புற்று டெஸ்ட் கடைசியா எப்ப பண்ணிக்கிட்டீங்க டீச்சர்?" என்று கேட்டார். நான் முழித்தேன். "பாரு, பாரு, டீச்சரம்மா முழிக்கறத பாரு!" என்று அத்தை கைகொட்டிச் சிரித்தார். "இன்னிக்கே பண்ணிடுங்கம்மா, அப்புறமான்னா இவ வரமாட்டா." நான் மேஜையில் படுத்திருந்த நேரம் முழுக்க, திரைக்கு அந்தப் பக்கம் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்குத் தைரியம் சொல்கிறேன் பேர்வழி என்று தன் பிரசவக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் இல்லை என்று பின்னால் தெரிந்தது.

ரிப்போர்ட் வருவதற்கு முன்னாலேயே கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. அத்தை விடிகாலையில் தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு கோயிலுக்குப் போனார். கேட்டவர்களிடம், கேட்காதவர்களிடமும், முட்டி வலி போயே போச்சு என்று சொல்லிக்கொண்டார். விறகுப் புகை, கேழ்வரகு கொதிக்கிற வாசனை, பக்கத்து அடுப்பில் கருவாட்டுக் குழம்பு, வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே அண்டா. துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பை வளைத்து அத்தை கிண்டினார். வேர்த்து ஊற்றியது. கூழ் கெட்டிப்படக் கெட்டிப்பட, வயசுப் பையன்களே கை மாற்றிக்கொள்கிற நேரத்திலும் அவர் விடவில்லை. நான் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த உடம்புக்குள் எங்கோ ஒரு மூலையில் என்னவோ உட்கார்ந்திருக்கிறது, அது யாருக்கும் தெரியாது, ஆனால் அந்த உடம்பே சித்திரையிலிருந்து 'வந்து பாருங்கள், வந்து பாருங்கள்' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அம்மாடி, ஒரு உடம்புக்கு இவ்வளவு அறிவா என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூடவே, அத்தை செத்துப்போய்விடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

அதுவரை என் வீட்டுக்காரரிடம் மேலோட்டமாகத்தான் சொல்லியிருந்தேன். அவருக்கு மறைமலை நகரில் வேலை, கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் தரம் பார்ப்பவர். வார்த்து வந்த இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று நாள் முழுக்கத் தேடுகிற ஆள். ரிப்போர்ட் வந்த அன்று ஷிப்ட் முடிந்து ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் ஊர்ந்து வந்து சேர்ந்தார். நாங்கள் மூன்று பேருமாக டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். டாக்டர் மூடி மறைக்கவில்லை. கருப்பை உள்சுவரில் புற்று இருக்கிறது, ஆரம்ப நிலை மாதிரித்தான் தெரிகிறது, கருப்பையை எடுத்துவிட வேண்டும் என்றார்.

அத்தைதான் கேட்டார். "நான் செத்துடுவனா டாக்டரம்மா?"

"சீக்கிரமா வந்துட்டீங்கம்மா. இது இன்னும் வெளிய பரவலன்னா, எடுத்ததோட தீர்ந்துபோறதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற ரிப்போர்ட்ல உறுதியா தெரியும். அதுவரைக்கும் நானும் சொல்ல முடியாது, நீங்களும் பயப்படக் கூடாது."

அத்தை விரல் விட்டு நாள் எண்ணினார். "ஆடியில கத்தி வைக்கக் கூடாது. ஆவணி பொறக்கட்டும்" என்றார். ஐயோ சாமி, மறுபடியுமா என்று நான் வாயைத் திறப்பதற்குள், எப்படியும் மற்ற பரிசோதனைகள் முடிய அத்தனை நாளாகும், ஆவணி முதல் வாரமே வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் அன்று நானும் வீட்டுக்காரரும் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. எரிச்சல் வந்தால் சிடுசிடுப்பார், அதுகூட இல்லை. அம்மா இல்லாமல் இந்த மனுஷன் என்ன ஆவார் என்று நினைத்தேன், நினைத்ததுமே அம்மா இல்லாமல் நான் மட்டும் என்ன ஆவேன் என்று தோன்றி அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரோடு சண்டை போடுவேன் நான்?

கதவு திறந்தது. நர்ஸ் அத்தை பேரைச் சொல்லி, அட்டெண்டர் யார் என்று கேட்டார். ஓடினோம். ஆபரேஷனில் எடுத்ததைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது அங்கே வழக்கம். முகமூடியைக் கழற்றாமலே டாக்டர் வந்தார். கையில் எவர்சில்வர் தட்டு. "அம்மா நல்லா இருக்காங்க" என்று முதலில் சொன்னார், எங்களுக்கு உயிர் திரும்பி வந்தது. பிறகு தட்டைக் காட்டினார்.

கருப்பை. வருஷா வருஷம் கரும்பலகையில் சிவப்பு சாக்பீஸால் அதை வரைந்திருக்கிறேன். தலைகீழாக வைத்த பேரிக்காய் மாதிரி என்று சொல்வேன், பின் பெஞ்சில் சிரிப்பார்கள், நான் டஸ்டரால் மேஜையைத் தட்டுவேன். அது இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. படித்தது வேறு, தெரிவது வேறு. ஒரு கொய்யாக்காய் அளவு, அவ்வளவுதான். மேலே வழவழவென்று இளஞ்சிவப்பு. இரண்டு பக்கமும் மெல்லிய குழாய்கள், முனையில் சுருங்கிப்போன சினைப்பைகள். டாக்டர் அதை நடுவில் பிளந்திருந்தார். உள்ளே ஒரு பக்கத்தில் மட்டும் வெளுப்பாக, பூத்த மாதிரி ஒரு திட்டு. "இதுதான். வெளிச்சுவர் வரைக்கும் போன மாதிரித் தெரியல. ரிப்போர்ட் வரட்டும்" என்றார்.

நான் அந்தத் திட்டைப் பார்க்கவில்லை. பார்த்தேன், ஆனால் கண் அதில் நிற்கவில்லை. அந்த உள்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் அடங்கிவிடும் இந்த இடத்தில் ஒரு ஆள் இருந்திருக்கிறார். என் பக்கத்தில் நிற்கிற, கட்டிலில் கால் நீட்டினால் வெளியே தொங்குகிற இந்த ஆறடி மனுஷர். எத்தனை விரிந்திருக்க வேண்டும், எப்படித் தாங்கியிருக்க வேண்டும், அத்தனையும் முடிந்து மறுபடி ஒன்றுமே நடக்காததுபோலச் சுருங்கி இத்தனை வருஷம் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. கடைசியில் தனக்கு ஆபத்து என்று தானே சொல்லியும் விட்டது.

பக்கத்தில் என்னவோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். என் வீட்டுக்காரர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலால் செருப்பைத் தள்ளிக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிவிட்டு, அந்த ஆஸ்பத்திரித் தரையில் வெறுங்காலோடு, தட்டுக்கு முன்னால் நின்றார். கை கூப்பவில்லை. தான் செய்வது அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. டாக்டர் சட்டென்று போகாமல், அவர் பார்த்து முடிக்கும்வரை தட்டைப் பிடித்தபடி நின்றார்.

ரிப்போர்ட் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நாட்களைப் பற்றி எழுதச் சொன்னால் என்னால் ஆகாது. புற்று உள்சுவரோடு நின்றிருந்தது, எங்கும் பரவவில்லை, மேற்கொண்டு சிகிச்சை எதுவும் வேண்டாம், சொன்ன நாளில் வந்து காட்டிக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். இன்னும் கொஞ்ச மாசம் வெந்தயத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். "இப்ப எதுக்கு டீச்சர் அது?" என்றார். வண்டியில் வரும்போது அத்தை வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார். தண்ணி லாரிக்காரன் குறுக்கே வந்தான் என்று அவனையும் விடவில்லை.

தையல் ஆறியதும் காலையில் ஏரிக்கரையோரம் நடக்க ஆரம்பித்தோம். டீயில் ஜீனி போய்விட்டது. அதற்காக என்னைத் திட்டுவது போகவில்லை. அப்படி நடந்துவிட்டுத் திரும்பிய ஒரு நாள், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டே அத்தை கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் பாத்தீங்களாமே. நர்ஸ் பொண்ணு சொல்லிச்சு. இன்னா மாதிரி இருந்துச்சு?"

"சின்னதா இருந்துச்சு அத்தை. ரொம்பச் சின்னது. எனக்கு நம்பவே முடியல" என்றேன்.

"அவன் இன்னா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. பார்த்ததும் செருப்பைக் கழட்டிட்டாரு."

அத்தையின் கை காலின்மேல் அப்படியே நின்றது.

"செருப்ப கழட்னானா?"

"ஆமா அத்தை. கோயில்ல கழட்டற மாதிரி."

அத்தை என்னைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தார். பால்காரர் வண்டி போய், சத்தம் அடங்குகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையை எடுத்து முகம் முழுக்க அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அந்த எடத்துக்காகத்தான்டி மாசா மாசம் என்னிய வெளிய ஒக்கார வச்சாங்க" என்றார்.